ரொட்டிக்கு முன் கம்பு

கோதுமை அறுத்து முடிந்ததும், மேல் எகிப்தின் அந்தச் சிற்றூரில் வஹீபா ஒரு கலைவிழா கூட்டினாள். ஊருக்கு அது பாட்டும் விருந்தும். அவளுக்கோ தம்பி ஹம்தானின் உயிர்.

வாய்க்கால் தகராறில் அவளுடைய சித்தப்பன், அதே ஊர் இளைஞன் தாஹியின் தந்தையைச் சுட்டுக் கொன்றான். பின்பு சிறையிலேயே செத்தான். கொன்றவன் செத்தால் பழி தீர்ந்ததா? தீரவில்லை என்றது வழக்கம். அவன் மண்ணுக்குள் போனால் என்ன, அவன் குருதியில் ஓர் ஆண்பிள்ளை, ஹம்தான், மண்ணுக்கு மேல் நடமாடுகிறானே என்றது. பெரியவர்கள் அதற்கு மானம் என்று பெயரிட்டார்கள். வஹீபா அதைக் கசாப்பு என்றாள்.

பழிக்கும் அங்கே ஒரு பூட்டு உண்டு. ஒருவர் கொடுத்த ரொட்டியையும் உப்பையும் தின்றவன் அவர் வீட்டார்மீது கை ஓங்கமாட்டான். இரு குடும்பத்தையும் ஒரே தட்டில் கை வைக்கச் செய்வதற்கே இந்த விழா.

"பாட்டக் கேட்டே வயிறு ரொம்பிருமா வஹீபா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"வாத்து வேகுது அத்தை. முதல்லயே போட்டா தின்னுட்டு நடையக் கட்டிருவீங்க. அப்புறம் பாட்டுக்காரன் பேரீச்ச மரத்துக்கா பாடுவான்?"

முற்றம் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

பாட்டு முடிந்து கம்பு விளையாட்டுக்கு முரசு முழங்கியது. எதிரியின் தலையைக் கம்பால் தொட்டவன் வென்றவன்; தொடவேண்டும், அடிக்கக்கூடாது. தாஹி களத்தில் இறங்கி ஹம்தானை நோக்கிக் கம்பை நீட்டினான்.

வஹீபா தம்பியின் கையைப் பற்றினாள். "போகாதடா."

"போகலன்னா நாளைக்கு உன் முக்காட்டத்தான்க்கா நான் போட்டுக்கணும். விளையாட்டுதானே."

முதல் வீச்சில் ஹம்தானின் மணிக்கட்டு முறிந்தது. இரண்டாவது வீச்சு இடக்கண்ணைச் சிதைத்தது. முரசு நின்றது, கம்புகள் நிற்கவில்லை. இரு குடும்பத்து ஆண்களும் பாய்ந்தார்கள். மண்டைகள் பிளந்தன. பல் தெறித்து வாத்துக் குழம்பில் விழுந்தது. விழுந்தவன் முதுகில் மிதித்து ஏறி அடுத்தவன் அடித்தான். மானம், மானம் என்று கூவிக்கொண்டே மனிதர்கள் மனிதர்களைத் துவைத்தார்கள்.

தாஹி ஹம்தானின் மார்பில் காலை ஊன்றிக் கம்பை ஓங்கினான்.

ரொட்டிக் கூடைகள் தொடப்படாமல் சுவரோரம் இருந்தன. வஹீபாவுக்கு அப்போதுதான் நெஞ்சில் அறைந்தது: பூட்டை வாங்கி வந்து, வீடு கொள்ளை போனபின் பூட்டலாம் என்று வைத்திருந்தாள். ஒரு ரொட்டியைப் பிய்த்து உப்பில் புரட்டிக்கொண்டு ஓடினாள். ஓர் அடி தோளில் இறங்கி எலும்பை நொறுக்கியது. நிற்கவில்லை.

"எங்கப்பனுக்கு இது" என்று தாஹி வாய் திறந்தான். திறந்த வாயில் ரொட்டியைத் திணித்தாள்.

அவன் உறைந்தான். தரையில் கிடக்கும் துண்டைக்கூட முத்தமிட்டுச் சுவர்மேல் வைக்கும் ஊரில் ரொட்டியைத் துப்ப முடியுமா? விழுங்கினால் பழி போயிற்று. கன்னம் உப்ப, கம்பு ஓங்கியபடி, அவன் தாயைப் பார்த்தான்.

பழி தீரும்வரை துக்க விசாரிப்பை ஏற்கமாட்டேன் என்று இத்தனை நாளும் கதவடைத்திருந்தவள் அந்தத் தாய், பஹிய்யா. மகனின் காலடியில் கிடந்த, ஒரு கண் சிதைந்த முகத்தை அவள் பார்த்தாள்.

"முழுங்குடா."

அவன் தலையை ஆட்டினான்.

"உங்கப்பனக் குடுத்துட்டேன். உன்னையும் தூக்குக் கயித்துக்குக் குடுத்துட்டு நான் யாரு வாயில சோறு ஊட்ட? முழுங்கு."

அவன் தொண்டை மெல்ல ஏறி இறங்கியது. கம்பு கையைவிட்டு நழுவியது.

சுற்றிலும் அடி ஓயவில்லை. வஹீபா தொங்கிய கையோடு திரும்பினாள்.

"கூடைய எடுங்கடி. ஒருத்தன் விடாம வாயில அடைங்க."

பெண்கள் கம்புகளுக்குள் புகுந்தார்கள். அடிபட்டார்கள், அடைத்தார்கள். பஹிய்யாவும் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டாள்.