பாதுகாப்பான மந்திரக்கோல்

மாலை வகுப்பில் எங்கள் ஆசிரியை கொடுத்த பயிற்சி இதுதான்: வேறொருவருக்காக ஒரு பொருளை வடிவமைக்க வேண்டும். அவர் அதைப் பயன்படுத்தும்போது ஓரமாக உட்கார்ந்து கவனிக்க வேண்டும். வாயை மட்டும் திறக்கவே கூடாது. நாம் விளக்கிச் சொன்னால்தான் ஒரு பொருள் புரியும் என்றால் அது பொருளே இல்லை என்பது அவர் கட்சி.

மற்றவர்கள் குடை மாட்டும் கொக்கி, செருப்பு அடுக்கும் தட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். நான் அக்காவிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"எனக்கொரு மந்திரக்கோல் செஞ்சு குடுடி," என்றாள்.

அக்கா வார நாட்களில் மருந்துக் கிடங்கில் சரக்கு சரிபார்க்கிறாள். சனிக்கிழமை மதியம் மட்டும் அவள் சூறாவளி என்ற மந்திரவாதி. பல் டாக்டர் ஒருவரின் கிளினிக் அன்று அரை நாள்தான் திறந்திருக்கும். நோயாளிகள் போனதும் காத்திருப்பு அறை மேசையில் கிடக்கும் பழைய பத்திரிகைகளை ஒதுக்கிவிட்டு, ஆளுக்கொரு வேடம் போட்டுப் பகடை உருட்டிக் கதை விளையாடுவார்கள். கதையை நடத்துவது டாக்டர். அதில் வரும் அரக்கன், காவலன், அரசன் எல்லாம் அவரே. பேருந்து ஓட்டும் நெட்டை அங்கே வாள்வீரன்.

அந்த மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. வேடம் செத்தால் அதன் விவரங்கள் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். பிறகு அழுது புரண்டாலும் திரும்ப வராது. சூறாவளி கல்லூரிக் காலத்திலிருந்து சாகாமல் இருக்கிறாள். தனக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற அக்கா, சூறாவளிக்குக் காயம் என்றால் அன்று சரியாகச் சாப்பிட மாட்டாள்.

வருகிற சனிக்கிழமை பாலத்தின்மேல் சாம்பல் அரசனோடு சண்டை. சூறாவளியின் பழைய கோல் முறிந்துவிட்டிருந்தது. "நீ செஞ்சா ஒழுங்கா இருக்கும்," என்றாள் அக்கா. என்னைப் பற்றி அவள் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வந்ததே இல்லை. அந்த நிமிடமே பயம் பிடித்துக்கொண்டது.

பகலில் நான் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனமொன்றில் உதவிப் பரிசோதகர். நகரத் தெரிந்த பொருளை எங்கள் தொழிலில் யாரும் மெச்சுவதில்லை. நிற்கத் தெரிந்திருக்க வேண்டும். கதவு மூடாவிட்டால் நிற்க வேண்டும், வேகம் கூடினால் நிற்க வேண்டும். இந்தக் கண்ணோடு மந்திரக்கோலை நினைத்துப் பார்த்தேன். வெறும் குச்சி. நீட்டினால் நெருப்பு. பூட்டில்லை, மூடியில்லை. சூறாவளிக்குத் தும்மல் வந்தால் நெட்டையின் கதி என்ன?

கோலைச் செய்தது பெரிய காரியமில்லை. உடைந்த நாற்காலிக் காலைச் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் பூசினேன். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதிக் கூடவே வைக்க வேண்டிய அட்டைதான் உயிரை வாங்கியது. பொருளின் அட்டையில் எழுதியிருப்பதை அந்த மேசையில் டாக்டர்கூட மீற முடியாது. எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் கோலை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் என்று வைத்தேன். எதிரில் நிற்பவரை விலகி நிற்கச் சொல்லி எச்சரிக்க வேண்டும். அதற்குப் பிறகும் கோல் ஒரு முறை "உறுதிதானா?" என்று கேட்கும், அடுத்த சுற்றில்தான் பதில் சொல்லலாம். அட்டையின் கீழே, லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் நாங்கள் என்ன செய்வோமோ அதையும் பொடி எழுத்தில் சேர்த்தேன்.

அக்கா கோலைச் சுழற்றிப் பார்த்து, கனம் நன்றாக இருக்கிறது என்றாள். அட்டையைப் படி என்றதற்கு, குச்சியில் படிக்க என்னடி இருக்கிறது என்று பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை, பல் துலக்கும் முறையை விளக்கும் படத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஆசிரியை சொன்னபடி வாயை மூடிக்கொண்டேன்.

சூறாவளி ஒரு கையில் விளக்கோடு பாலத்தில் ஏறிக் கோலை நீட்டினாள். டாக்டர் அட்டையின் முதல் வரியைப் படித்துவிட்டு, இரண்டு கை வேண்டுமாம் என்றார். அக்கா விளக்கைக் கீழே வைத்தாள். பகடை உருண்டது, விளக்கும் உருண்டு ஆற்றில் விழுந்தது. அடுத்த சுற்றில் எச்சரிக்கை.

"விலகி நில்லுங்க," என்றாள் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு.

"ரொம்ப நன்றிம்மா," என்றார் டாக்டர். அரசன் பின்னால் விலகி நின்றுகொண்டான்.

அடுத்து கோல் உறுதிதானா என்று கேட்டபோது நெட்டை மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுதாமல் விடுகிறேன். பதில் சொல்ல அவளுக்குச் சுற்று வருவதற்குள் அரசன் அடித்தான். சூறாவளிக்கு மிஞ்சியது ஒரே ஒரு உயிர்ப்புள்ளி. டாக்டர் அவளுடைய தாளை எடுத்து, கிழிப்பதற்குத் தோதாக ஓரத்தை மடித்தார்.

"கோலைப் பிடுங்கிட்டான். உன் கோலாலயே உன்னை முடிக்கப் போறான்."

அக்கா அட்டையை எடுத்து, முதல் தடவையாக அடி வரைக்கும் படித்தாள். கிடங்கில் மருந்து டப்பாவின் தேதியை அப்படித்தான் பார்ப்பாள் போலிருக்கிறது.

"டாக்டர், அவனுக்கு எத்தனை கை?"

நெட்டை தலையைத் தூக்கினான். போன மாதம் அரசனின் இடது கையை வெட்டியவனே அவன்தான்.

"ஒத்தக் கை. அதுக்கென்ன?"

"கோல் எச்சரிக்குது. ரெண்டு கை வேணுமாம். கேப்பானா?"

"அவன் அரசன்மா. குச்சி பேச்சையெல்லாம் கேக்கறதா?"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"மீறுறான்," என்றார் டாக்டர்.

அக்கா அட்டையை அவர் பக்கம் நகர்த்தி, கடைசி வரிகளில் விரலை வைத்தாள். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்: எச்சரிக்கையை மீறி இயக்குபவர் நின்ற இடத்திலேயே நிறுத்தப்படுவார். கோலைச் செய்தவர் நேரில் வந்து சோதித்து விடுவிக்கும்வரை அசைய முடியாது.

பகடையே உருட்டாமல் சாம்பல் அரசன் கல்லாய் நின்றான். மடித்த ஓரத்தை டாக்டர் நிமிர்த்தித் தாளைத் திருப்பிக் கொடுத்தார். நெட்டை வாளை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். டாக்டர் நிதானமாக அடுத்த வரியையும் வாசித்தார்: அதுவரை உள்ளே சிக்கியவருக்கு எந்தத் தீங்கும் நேராது.

வாள் வழுக்கிக்கொண்டு போனது. ஆள் ஒருவர் மட்டுமே போகக்கூடிய பாலம். அந்த உலகத்திலேயே மிகப் பத்திரமான ஆள் அதன் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

"என்ன பொறிடி இது! எதிரி பிடுங்குவான்னு முன்னாடியே யோசிச்சியா?" என்றாள் அக்கா. வாயைத் திறக்கக் கூடாது என்ற விதி அப்போது எனக்கு மிகவும் உதவியாக இருந்தது.

வகுப்பில் கொடுத்த அறிக்கையில், பொருள் ஒரு தடவைகூட வேலை செய்யவில்லை, பயன்படுத்தியவர் உயிரோடு இருக்கிறார் என்று எழுதினேன். ஆசிரியை இரண்டுக்கும் அடியில் கோடு போட்டிருந்தார். பாராட்டா கண்டிப்பா என்று இன்னும் தெரியவில்லை.

இதற்கிடையில் பாலத்தைக் கடக்க வழியில்லாமல் கதை அப்படியே நிற்கிறது. செய்தவர் கதைக்குள் நேரில் வந்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா வெற்றுத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். தொழில் என்ற கட்டத்தில் பரிசோதகர் என்று பென்சிலால் எழுதினேன். ஆயுதம் என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

அக்கா பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள். "அதை மட்டும் காலியா விடு," என்றாள்.