பிணம் ஏறாத வண்டி

ஊரில் அவருக்குக் ‘கடைசி பஸ்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. முதுகைத் திருப்பினால் சொல்லாதவர் இல்லை. பிண வண்டி ஓட்டி, ஒரு வண்டியை மூன்றாக்கி, அந்தச் சம்பாத்தியத்தில்தான் ஒரே மகளைப் படிக்க வைத்தார், கட்டிக்கொடுத்தார். ஆனால் விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் அப்பா ஓட்டுகிற எதிலும் ஏறியதில்லை. கல்யாணத்துக்குக்கூட வாடகைக் காரில்தான் போனாள்.

இப்போது அவளுக்கு நிறைமாதம். அவள் குடியிருக்கும் மேட்டுக்குப் போகிற பாதை ஒரு மழைக்கே சேறாகிவிடும். மாப்பிள்ளையிடம் இருப்பது ஒரு பைக். வலி எடுத்தால் நான் வந்து அழைத்துப் போகிறேன் என்று அப்பா சொன்னபோது அவள் பட்டென்று சொன்னாள்.

“பொணம் ஏறாத வண்டியா கொண்டு வாங்க. வரேன்.”

கோபமாகச் சொன்னாளோ, விளையாட்டாகச் சொன்னாளோ, அவர் அதை வாக்காகவே எடுத்துக்கொண்டார். சேற்றில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி, அதிலும் இருப்பதிலேயே நல்லது வேண்டும் என்று முடிவு செய்து, மகளையும் மாப்பிள்ளையையும் ஷோரூமுக்கு வரச் சொன்னார். அவர்கள் ஆட்டோவில் வந்தார்கள். இவர் நடந்து வந்தார்.

உள்ளே ஏசி எலும்பைத் தொட்டது. மாப்பிள்ளை கைகளைத் தேய்த்துக்கொண்டார். கடைசி பஸ்ஸுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இதைவிடக் குளிர்ந்த பிணவறைகளில் கையெழுத்துக்காகக் காத்து நின்றவர்.

விற்பனைப் பையனுக்கு வாய் ஓயவில்லை. “நம்ம வண்டியில ஒரு தடவை ஏறினவங்களுக்கு இறங்கவே மனசு வராது சார்.”

“எங்க வண்டியிலயும் அப்படித்தான் தம்பி. ஏறினவங்க யாரும் தானா இறங்கினதில்ல.”

“அப்பா!” என்று மகள் பல்லைக் கடித்தாள்.

பையனுக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரித்து வைத்தான். “என்ன கலர் பாக்கலாம் சார்? வெள்ளை நல்லா போகுது.”

“வெள்ளை வேண்டாம்.”

“கறுப்பு? கம்பீரமா இருக்கும்.”

“அதுவும் வேண்டாம். கண்ணாடியில கறுப்புத் தாளும் ஒட்டக் கூடாது. உள்ள உக்காந்திருக்கிறவங்க வெளிய தெரியணும்.”

மகள் ஒரு நீல வண்டியின் பக்கம் போய் நின்றாள். கதவைத் திறந்து இருக்கையை அழுத்திப் பார்த்தாள். உள்ளே குனிந்து முகர்ந்தாள். புதுத் தோல் வாசனை மட்டும்தான்.

“மாமா, இது அவளுக்குப் பிடிச்சுப்போச்சு” என்றார் மாப்பிள்ளை மெதுவாக.

“அப்ப இதுதான். ஓட்டிப் பாத்துடலாம்.”

பையன் முன்னால் உட்கார்ந்தான். மகளும் மாப்பிள்ளையும் பின்னால் ஏறினார்கள். வயிற்றைப் பிடித்தபடி அவள் படியில் கால் வைத்தபோது இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தார். திரும்பிப் பார்த்தால் இறங்கிவிடுவாளோ என்று பயம்.

வண்டி நகர்ந்ததே தெரியவில்லை. பள்ளம் வருமுன்னே வேகம் தணிந்தது. பிரேக்கை மிதித்தாரா தடவினாரா என்று சொல்ல முடியாது. ஹார்ன் பக்கம் கையே போகவில்லை.

“என்ன சார், இப்படி ஓட்டறீங்க! தண்ணி நிறைஞ்ச டம்ளரை வெச்சாக்கூடச் சிந்தாது போலிருக்கே.”

“நல்லாதான் ஓட்டறீங்கப்பா” என்றாள் மகள்.

பின்னாலிருந்து யாரும் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

கொஞ்ச தூரத்தில் அவள் தூங்கிவிட்டாள். ராத்திரியெல்லாம் புரண்டு படுக்க முடியாமல் கிடந்தவள். மாப்பிள்ளை செல்போனில் மூழ்கினார். பையனும் யாரிடமோ பேசத் தொடங்கினான். கண்ணாடியில் பார்த்தால் மகளின் தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. வண்டிக்குள் சத்தமே இல்லை. பெரிய ஆஸ்பத்திரி சிக்னல் வந்தது. ஷோரூமுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும்.

கை இடது பக்கம் திருப்பியது.

தார் முடிந்து மண்பாதை வந்தபோது பையன் போனை மூடிக்கொண்டு உற்சாகமானான். “மண்ணுல போட்டுப் பாக்கறீங்களா? சூப்பர் சார்! இதுக்குத்தான் இந்த வண்டியே.”

அவர் காதில் விழவில்லை. பின்னால் ஆள் அசையாமல் இருந்தால் வண்டி எங்கே போகவேண்டும் என்பதை அவர் எப்போதும் யோசித்ததில்லை. சுடுகாட்டுப் புகைக்குழாய் தெரிந்தது. வாசல்காரன் அவர் முகத்தைக் கண்டதும் வழக்கம்போல இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டு ஓடி வந்தான்.

“அண்ணே, வண்டி புதுசா இருக்கு? பெரிய இடமோ? யாரு?” என்று பின்கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தான்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

“ஐயோ!” என்று வாசல்காரன் துள்ளி விழுந்தான்.

அவள் கத்தவில்லை. வாசலைப் பார்த்தாள், புகைக்குழாயைப் பார்த்தாள், கடைசியில் அப்பாவின் பிடரியைப் பார்த்தாள். கதவைத் திறந்து, ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு இறங்கினாள்.

“அம்மாடி, கை பழக்கதோஷம்மா. நான் வேணும்னு...”

“தெரியும்பா. வேணும்னு செஞ்சிருந்தா சண்டையாவது போடலாம்.”

“வலி எடுத்தா...”

“எடுத்தா இவர் பைக்ல போய்க்கறேன். சேத்துல விழுந்தாலும் பரவால்ல. நீங்க வராதீங்க.”

மாப்பிள்ளை மாமனாரின் முகத்தைப் பார்க்காமல் இறங்கி அவள் பின்னால் ஓடினார். மண்பாதையில் அவள் நடை வேகமாகத்தான் இருந்தது. அந்த வயிற்றோடு அவ்வளவு வேகம் ஆகாது.

பையன் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு விற்பனைதான் தெரியும். “சார், மேடத்துக்கு வேற மாடல் காட்டலாமா?”

“வண்டியில ஒரு குறையும் இல்ல தம்பி.”

இறங்கிச் சாவியை அவன் கையில் கொடுத்தார். “நீயே ஓட்டிட்டுப் போ.”

“நீங்க வரலையா சார்?”

“எனக்கு இங்கேர்ந்து வழி தெரியும்.”