சூப் ஆறுவதற்குள்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு மேசைக்கு அடியில். மற்றவர்களுக்கெல்லாம் கதை கடற்கரையில் கிடைக்குமாம், ரயில் பயணத்தில் கிடைக்குமாம். எனக்கு உணவக மேசைக்கு அடியில், எங்கள் வீட்டு வாண்டு மறுபடியும் எறிந்த கரண்டியைத் தேடித் தவழ்ந்துகொண்டிருந்தபோது கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் என் மனைவியின் கால்கள் மட்டும் தெரிந்தன. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு காலால் இன்னொரு காலைத் தடவிக்கொண்டு, அவசரமே இல்லாத கால்கள். அவளை அப்படிப் பார்த்து வெகு காலமாகிவிட்டது. இதை எழுதியே தீர வேண்டும் என்று நிமிர்ந்தேன். மேசை மண்டையில் இடித்தது. கதை எனக்குள் இறங்கிய விதம் அதுதான்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "மாநகரத்தின் அந்திப்பொழுது ஒரு சோம்பேறிப் பூனையைப் போல மெல்ல—"

வேண்டாம். இரண்டு பிள்ளைகளோடு வெளியே சாப்பிடப் போகிறவனுக்கு அந்திப்பொழுதைப் பார்க்க ஏது பொழுது?

அடுத்தது: "அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்."

இது தேறும். உண்மையும்கூட. என் மனைவி ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். வாண்டு பிறந்ததிலிருந்து வீட்டில் இருந்துவிட்டு, வருகிற திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறாள். அவளுக்கு மாலை ஷிப்ட், எனக்குக் காலை. (சலவை இயந்திரங்களுக்கு விளக்கக் கையேடு எழுதுவது என் உத்தியோகம். நீங்கள் பிரித்துக்கூடப் பார்க்காமல் இழுப்பறையில் தள்ளிவிடுகிறீர்களே, அந்தப் புத்தகம். ஆகவே, படிக்கப்படாமல் இருப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.) இனிமேல் வாசலில் நின்று பிள்ளைகளைக் கைமாற்றிக்கொள்ளும்போது பார்த்துக்கொண்டால்தான் உண்டு. அதற்கு முன்னால் அவள் கேட்டது இது:

"ஒரே ஒரு தடவை, ரெண்டு பேரும் எதிரெதிர உக்காந்து சூடா சாப்பிடணுங்க. அவ்வளவுதான்."

3

இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைக்கும் வாசகருக்கு ஒரு விளக்கம். சின்னப் பிள்ளைகளோடு உணவகத்துக்குப் போகிற கணவன் மனைவி சேர்ந்து சாப்பிடுவதில்லை. முறை வைத்துச் சாப்பிடுகிறார்கள். ஒருவர் உள்ளே அள்ளிப் போட்டுக்கொள்ள, இன்னொருவர் சின்னதைத் தோளில் போட்டு வாசலில் நின்று, போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் காட்டுவார். பிறகு ஆள் மாறும். முதல் முறை எப்போதும் அவளுக்கு. அவள் கரண்டியைத் தொட்டால் நான் வாசலில். மெல்லுவதெல்லாம் பிள்ளை இல்லாதவர்கள் செய்கிற ஆடம்பரம்.*

* அவள் சாப்பிடும் வேகத்தைப் பார்த்துவிட்டு, அண்ணிக்கு ஏதாவது ரயில் பிடிக்கணுமா என்று என் தம்பி கேட்டிருக்கிறான்.

4

பரிமாறுபவரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சந்தேகம். முதல் பிரதியில் அவர் எங்களைப் பார்த்துக் கனிவாகப் புன்னகைத்தார். அதைப் படித்த என் மனைவி, அவர் எங்கே சிரித்தார், வாண்டு கொட்டிய நூடுல்ஸை மிதித்து வழுக்கப் பார்த்தார் என்றாள். சரி, வழுக்கப் பார்த்தார். அவரிடம்தான் எங்கள் பெரியவள் (முதல் வகுப்பு, முன்பல் இல்லை) என் பெருமையைச் சொன்னாள்: "எங்க அப்பா எங்களப் பத்திக் கதை எழுதுவாரு. யாரும் படிக்க மாட்டாங்க." அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானும் எதையும் படிப்பதில்லை என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

பிறகு அந்த அதிசயம் நடந்தது. சூப் வந்தது, ஆவி பறக்க. வாண்டு, சேர்த்துப் போட்ட நாற்காலிகளில், கன்னத்தில் ஒட்டிய நூடுல்ஸோடு தூங்கிப்போயிருந்தான். பெரியவள் காகிதக் கைக்குட்டையில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். கேட்டது அப்படியே அமைந்துவிட்டது. என் மனைவி கரண்டியை எடுத்தாள்.

நான் எழுந்து வெளியே போனேன்.

(இந்த வரியை அடித்துவிடத்தான் பார்த்தேன். அடித்தால் கதையே இல்லை.)

வாசலில் நின்று ஆடினேன். என் தோளை நானே தட்டிக்கொடுத்தேன். "அதோ பாரு, பஸ்ஸு!" என்றுகூடச் சொன்னேன் போலிருக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண் சற்றுத் தள்ளிப்போய் நின்றாள். கடைசியில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தவர் பரிமாறுபவர்.

"சார், குழந்தை உள்ள தூங்குது."

நான் உள்ளே ஓடியபோது அவள் கிண்ணம் காலி. என் சூப்பில் ஏடு படிந்திருந்தது. நான் கை கழுவப் போகிறேன் என்று நினைத்தாளாம். பழக்க தோஷத்தில் அள்ளிக் குடித்துவிட்டு நிமிர்ந்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் ஆடிக்கொண்டிருக்கிறேன்.

"சூடாத்தான் குடிச்சேன்" என்றாள். "எதிர்லதான் யாரும் இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு காலால் துழாவிச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

5

இதுவரை எழுதியதை அவளிடம் காட்டினேன். "நடந்தத நடந்தபடி எழுத நீங்க எதுக்கு? கதையிலயாவது உக்காருங்க" என்றாள்.

நியாயம்தான். உட்கார்ந்தேன். "அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த அந்த நொடியில் வாண்டு—" விழித்துக்கொண்டான். அடித்துவிட்டு, நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்தேன். அப்போதும் விழித்தான். நான் படைத்ததில் என் பேச்சைக் கேட்காத பாத்திரம் அவன் ஒருவன்தான். (இல்லை, மூன்று பேருமே.)

பரிமாறுபவரிடம் பிள்ளையைக் கொடுத்துப் பார்த்தேன். அவர் கையில் கொதிக்கிற சூப் தட்டு. எச்சரிக்கைக் குறிப்பு எழுதியே வயிறு வளர்ப்பவன், இதை அனுமதிக்க முடியாது. "அப்போது பக்கத்து மேசையிலிருந்து கனிவே உருவான ஓர் அம்மாள் எழுந்து வந்து—" பொய். பக்கத்து மேசைக்காரர்கள் நாங்கள் நுழைந்ததுமே மூலைக்கு மாறிவிட்டார்கள்.

எப்படி எழுதினாலும் கதையில் ஒரு ஜோடிக் கை குறைகிறது.

6

திங்கட்கிழமை இன்னும் வரவில்லை. ஆகவே இன்னொரு முறை எழுதுகிறேன். சூப்பை இப்போதுதான் கொண்டுவந்து வைத்தார்கள். ஆவி பறக்கிறது. மேசைக்கு அடியில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டாள். வாண்டு ஒரு கண்ணைத் திறக்கிறான்.

இந்தக் கதையில் கை சும்மா இருக்கிற ஆள் ஒருவர்தான். இவ்வளவு நேரமாகச் சாய்ந்து உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறீர்களே, நீங்கள்.

கொஞ்சம் வாருங்கள். வாண்டைத் தூக்கிப் பிடிக்கும் முறை சொல்கிறேன், இதையாவது படித்துவிடுங்கள். தலை உங்கள் இடது தோளில் இருக்கட்டும். முதுகைத் தட்ட வேண்டாம், தடவினால் போதும். கரண்டி கேட்டால் கொடுக்காதீர்கள். பெரியவளும் கூடவே வருவாள், அப்பாவின் கதையைப் படித்தீர்களா என்று கேட்பாள். படித்தேன் என்று சொல்லுங்கள். நம்ப மாட்டாள், ஆனாலும் சொல்லுங்கள்.

வாசலில் நில்லுங்கள், பஸ் வரும். கண்ணாடி வழியாக எங்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கொஞ்சம் நேரமாகும். நாங்கள் மென்று சாப்பிடப் போகிறோம்.