கதவுக்கும் ஒரு ஃபியூஸ்

விருத்தாசலம் ஜங்ஷனில் நிற்கிற கூட்ஸ் வண்டியை நாலு பேர் சேர்ந்து தள்ளினால் ஒருவேளை நகரும். செல்வநாயகி ஒன்றைப் பிடித்துக்கொண்டாள் என்றால் நகரவே மாட்டாள். அப்படிப்பட்டவளை ஒரு பெண் நகர்த்திக் காட்டினாள், அதுவும் ஒரு கதவு விஷயத்தில். அதைச் சொல்லாமல் எப்படி இருப்பது?

செல்வநாயகிக்கும் அவள் புருஷன் கோவிந்தராசுவுக்கும் செராமிக் எஸ்டேட்டில் சொந்தமாக ஒரு யூனிட். வீட்டு மெயின் போர்டில் வெள்ளையாகப் பீங்கான் ஃபியூஸ் கட்டை இருக்குமே, அதுதான் அவர்கள் சரக்கு. அவர் சூளையைப் பார்த்துக்கொள்வார். அவள் மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வாள், அவரையும் சேர்த்து. கரண்ட் போய்விட்டதென்று யாராவது ஃபியூஸைத் திட்டினால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "ஃபியூஸ் போச்சேன்னு அழுவாதீங்க. அது போனதாலதான் உங்க வூடு இருக்குது" என்பாள்.

அந்த யூனிட்டில் சேர்த்ததையும், இருந்த நிலத்தை விற்றதையும் போட்டு ரெண்டு பேரும் ஒரு கல்யாண மண்டபம் கட்டக் கிளம்பினார்கள். பெயர், தனலட்சுமி மஹால். ஏசி மண்டபம். கல்யாண மண்டபத்துக்குச் சுவரும் கூரையும் இருந்தால் போதாது, ராசி வேண்டும். 'அது ராசியில்லாத மண்டபம்' என்று ஒரே ஒரு வாய் சொல்லிவிட்டால் முடிந்தது, அப்புறம் அங்கே வௌவால்தான் குடித்தனம் நடத்தும். செல்வநாயகிக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

கட்டடம் வரைய வந்தவள் வேல்விழி. விருத்தாசலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற மங்களூர்க்காரப் பெண். சென்னையில் படித்து, பெரிய பெரிய கட்டடங்களில் வேலை பார்த்துவிட்டு ஊர்ப்பக்கம் வந்தவள். மெல்லப் பேசுவாள், ஆனால் பேசியதிலிருந்து இம்மி இறங்க மாட்டாள். பிளானை விரித்துப் பார்த்த செல்வநாயகிக்கு முதல் பார்வையிலேயே சுருக்கென்றது.

"ஏம்மா, எல்லாக் கதவும் வெளிப்பக்கம் தொறக்குதே. கோட்டைத் தப்பாப் போட்டுட்டியா?"

"தப்பில்லம்மா. அப்படித்தான் போட்டிருக்கேன்."

"நல்லா இருக்குதே! வாசக்கதவு உள்ள தொறந்தாதான் லட்சுமி உள்ள வருவா. வெளிய தள்ளித் தொறந்தா அவளைக் கழுத்தைப் புடிச்சி வெளிய தள்ளுற மாதிரி ஆவும். லட்சுமி வெளிய போயிடுவாம்மா!"

"தீ ஒண்ணு புடிச்சிதுன்னா ஜனம் வெளிய போவணுமில்லம்மா?"

"அய்யய்யே! கல்யாண வேலை பேசுற வாயில என்ன பேச்சு இது!" என்று செல்வநாயகி எழுந்தே போய்விட்டாள்.

வாசக்கதவுக்குத் தேக்கில் கஜலட்சுமி செதுக்கச் சொல்லி அவள் ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்தாள். அந்தக் கஜலட்சுமியையே வெளியே தள்ளுவதா? வேறு இன்ஜினியரைப் பார்க்கலாம் என்று புருஷனிடம் சொன்னாள். கோவிந்தராசு "உன் இஷ்டம்" என்றார். அவர் முப்பது வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வேல்விழி சண்டை போடவில்லை. "வேப்பூர்ல எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம். நீங்களும் வாங்கம்மா, சாப்பிட்டுட்டு வந்துடலாம். அதுக்கப்புறம் நீங்க யாரை வேணாலும் வரையச் சொல்லுங்க" என்றாள். கல்யாணச் சாப்பாடு என்றால் செல்வநாயகி கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுவாள். போனாள்.

பந்திக்கு ஜனம் எப்படி நிற்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தாலி ஏறியதும் ஏறாததுமாகச் சாப்பாட்டு ஹால் கதவுக்கு முன்னால் ஊரே நெருக்கிக்கொண்டு நின்றது. இலை போட்டுத் தண்ணீர் தெளித்து, உள்ளே இருந்த பரிமாறுகிற ஆள் கதவைத் தள்ளினார். அந்தக் கதவு ஜனம் நிற்கிற பக்கமாகத் திறக்கிற கதவு. திறக்க இடமில்லை. "பின்னாடி போங்க, பின்னாடி போங்க" என்று அவர் உள்ளேயிருந்து கத்தினார். முன்னால் நின்றவர்கள் பின்னால் போகத்தான் பார்த்தார்கள். பின்னால் நின்றவர்களோ, கதவு அசைந்ததைப் பார்த்துவிட்டு இன்னும் முன்னால் தள்ளினார்கள். ஒரு விரல்கடை திறந்த கதவு மறுபடி பட்டென்று சாத்திக்கொண்டது. கதவோடு கதவாக நசுங்கின ஒரு பொம்பளை, கையிலிருந்த பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு "அடப்பாவிங்களா!" என்று அலறினாள்.

வேல்விழி செல்வநாயகியின் காதருகே குனிந்து சொன்னாள்: "உள்ள தொறக்குற வாசக்கதவும் இப்படித்தான், உள்ள நிக்கிற ஜனத்து மேலயே தொறக்கும். வடை பாயசத்துக்கே இந்தத் தள்ளு, அம்மா. உசுருக்குன்னா எப்படித் தள்ளுவாங்க?"

அன்றைக்குச் செல்வநாயகியின் இலையில் பாயசம் அப்படியே இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "கஜலட்சுமி வெளிப்பக்கம் தெரியிற மாதிரியே இருக்கட்டும். கதவு எந்தப் பக்கம் வேணாலும் தொறந்துக்கட்டும்" என்றாள். அவள் வாயில் அது மன்னிப்பு கேட்ட மாதிரி.

வேல்விழியின் வேலையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பிரமிப்பாகத்தான் இருந்தது, வெளியே சொல்லவில்லை என்றாலும். சமையல்கட்டுக்கும் சாப்பாட்டு ஹாலுக்கும் நடுவே சுவர், ஒரே ஒரு கதவைத் தவிர, கூரைத்தளம்வரை ஒரு பொந்து இல்லாமல் போனது. "எதுக்கு இவ்வளவு தடிப்பு?" என்று செல்வநாயகி கேட்டபோது, "உங்க சூளையில உள்ள எரியுது, வெளிய நின்னு நீங்க டீ குடிக்கிறீங்க. எப்படி? சுவருதானே? சமையக்கட்டையும் ஒரு சூளைன்னு நெனச்சிக்கங்க" என்றாள். சிலிண்டர்கள் வெளியே கம்பிக் கூண்டில், அடைக்கிற வால்வும் வெளியிலேயே. சமையல் ஆட்கள் ஓட அவர்களுக்கென்று பின்பக்கம் தனிக் கதவு. வாசலில் கீற்றுப் பந்தல் போடக் கூடாது, முற்றம் திறந்தே கிடக்கணும் என்று கறார்.

சமையல்கட்டுக்கும் சாப்பாட்டு ஹாலுக்கும் நடுவே இருக்கிற அந்தக் கதவு சாத்தியே கிடக்கணும் என்றதில் மட்டும் செல்வநாயகி மடக்கினாள். "சாம்பார் வாளியத் தூக்கிட்டு வர்றவன் கதவை எந்தக் கையால தொறப்பான்? நீ சாத்தியே வைன்னு சொல்லுவ, அவனுங்க நம்ம யூனிட்டுல கழிச்சுப் போட்ட ஃபியூஸ் கட்டையில ஒண்ணை எடுத்து அண்டக் குடுத்துட்டுப் போயிட்டே இருப்பானுங்க. இந்த ஊர்ல எந்தக் கதவுக்குத்தான் பீங்கான் முட்டு இல்ல?"

வேல்விழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நெசந்தான்" என்று ஒத்துக்கொண்டு நாலு நாள் கழித்து வேறொரு படத்தோடு வந்தாள். இரும்புத் தகடு போர்த்திய கதவு, சரிவான ரயிலில் தொங்கும். விட்டால் தானே உருண்டு வந்து சாத்திக்கொள்ளும். அதை விடாமல் ஒரு கம்பிவடமும் எதிர் எடையும் பிடித்திருக்கும். வடத்தின் நடுவே சின்னதாக ஓர் உலோகத் துண்டு. சூடு ஏறினால் அது உருகிவிடும், எடை விழும், கதவு சாத்தும். மற்ற நாளெல்லாம் ஆ என்று திறந்தே கிடக்கலாம், யாரும் முட்டுக் கொடுக்கவே வேண்டாம்.

செல்வநாயகி படத்தையே உற்றுப் பார்த்தாள். "அடியேய், இது நம்ம ஃபியூஸுடி!" என்று தொடையில் தட்டினாள். "கதவுக்கு ஒரு ஃபியூஸ் போட்டுட்டியே!" எதிர் எடைக்கு வேண்டிய கழிவு ஃபியூஸ் கட்டைகளைத் தானே கூடையில் தூக்கி வந்து பெட்டிக்குள் கொட்டினாள்.

மண்டபம் எழும்பியது. ஊர் வாய் சும்மா இருக்குமா? "பேரு தனலட்சுமி மஹாலு, கதவு லட்சுமியை வெளிய தள்ளுற கதவு" என்று டீக்கடையில் சிரித்தார்கள். வந்து பார்த்தவர்கள் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்ங்க" என்று போனார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. செல்வநாயகி ராத்திரியில் தூங்காமல் புரண்டாள். கடைசியில் மங்களூர்ப் பக்கத்திலிருந்து பெரியம்மாள் என்ற விதவைத் தாய் தன் மகள் கனிமொழியின் கல்யாணத்துக்கு வந்து கேட்டாள். அவளுக்கும் தயக்கம்தான். "நான் பொறுப்பு, தாயி. ஒரு கொறை வராது" என்று செல்வநாயகி அவள் கையைப் பிடித்துச் சொன்னாள். சொன்ன பிறகு, இந்தக் கல்யாணத்தில் ஒரு சின்னக் குறை வந்தாலும் மண்டபத்தின் ராசி மட்டுமல்ல, அந்தப் பெண்ணின் ராசியும் சேர்ந்து போகும் என்று உறைத்தது.

முகூர்த்தக் காலை. ஏசிக்காக வாசக்கதவும் பக்கக் கதவுகளும் சாத்தியிருந்தன. மணவறையில் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு ஹாலில் டிபன் பந்தி. செல்வநாயகி இலை இலையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பொங்கலுக்கு இன்னும் கொஞ்சம் நெய் விடச் சொல்ல வாயெடுத்தபோது, சமையல்கட்டிலிருந்து "ஐயோ, எண்ணெய்!" என்று சமையல் மாஸ்டர் தர்மராஜின் குரல் கேட்டது. வடைச் சட்டி பற்றிக்கொண்டுவிட்டது. திறந்து கிடந்த சமையல்கட்டுக் கதவு வழியாக, கூரைவரை ஏறின மஞ்சள் ஜுவாலையை அவள் பார்த்தாள்.

அப்போது தொம்மென்று ஒரு சத்தம். கழிவுக் கட்டைப் பெட்டி விழுந்தது. யாரும் தொடவில்லை. அந்தப் பெரிய கதவு கடகடவென்று தானே உருண்டு வந்து தீயின் முகத்தில் சாத்திக்கொண்டது. ஜுவாலை காணாமல் போனது. அலாரம் அலற ஆரம்பித்தது.

"எல்லாரும் வெளிய! சாப்பாடு கெடக்கட்டும், வெளிய வாங்க!" என்று கத்திக்கொண்டே செல்வநாயகி மணவறைப் பக்கம் ஓடினாள். ஜனம் மொத்தமும் வாசல் பக்கம் பாய்ந்தது. வேப்பூர்க் கூட்டம் அவள் கண்முன் வந்தது. தலைக்குமேல் தூக்கிய அந்தப் பிள்ளை வந்தது. முதலில் போனவர்கள் கதவில் மோதினார்கள். மோதின வேகத்திலேயே கஜலட்சுமி ரெண்டு பக்கமும் அகலத் திறந்துகொண்டாள். பின்னால் தள்ளத் தள்ள முன்னால் வழிதான் விட்டது. பக்கக் கதவுகளும் அப்படியே. தடுக்கி விழுந்தவர் இல்லை, நசுங்கினவர் இல்லை. கடைசியாக, மாலையும் கழுத்துமாகக் கனிமொழியை இழுத்துக்கொண்டு செல்வநாயகி முற்றத்துக்கு வந்தாள்.

தர்மராஜும் ஆட்களும் பின்கதவு வழியாக வெளியேறி, கூண்டில் வால்வை அடைத்துவிட்டுச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒருவர்மேலும் ஒரு கொப்புளம் இல்லை. கோவிந்தராசு தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு ஆள் எண்ணிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கையில்தான் மாப்பிள்ளையின் மாமன் தேவநாதன் வாயைத் திறந்தார். "முகூர்த்த நேரத்துல தீ. பொண்ணோட ராசி அப்படி. போதாக்கொறைக்கு லட்சுமியை வெளிய தள்ளுற மண்டபம். இந்தக் கல்யாணத்தை யோசிக்கணும்." பெரியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கனிமொழி தலையைக் குனிந்துகொண்டாள்.

செல்வநாயகிக்கு வந்ததே ஒரு கோபம்! தான் வேல்விழியிடம் சொன்ன அதே வார்த்தை, இன்னொருவர் வாயில் கேட்டபோது உடம்பெல்லாம் எரிந்தது.

"ஆமாங்க, தள்ளிச்சு!" என்று முற்றமே அதிரக் கத்தினாள். "லட்சுமியை வெளியதான் தள்ளிச்சு. நல்லாப் பாருங்க. இதோ நிக்கிறாளே இந்த லட்சுமி, மாலை வாடாம வந்தா. உங்க வூட்டு லட்சுமி அதோ நிக்கிறாங்க, முந்தானை கருகாம வந்தாங்க. இங்க நிக்கிற அத்தனை லட்சுமியும் உசுரோட வெளிய வந்தாங்க. உள்ள தொறக்குற கதவா இருந்தா எல்லா லட்சுமியும் உள்ளதாங்க இருந்திருப்பாங்க! எது ராசி, இப்ப சொல்லுங்க!"

தேவநாதன் திரும்பித் தன் பெண்டாட்டியைப் பார்த்தார். அந்தம்மா பேரப்பிள்ளையை இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தேவநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயரே, நேரம் இருக்குதா?" என்று கேட்டார்.

நேரம் இருந்தது. முற்றத்து வெயிலில், தீயணைப்பு வண்டி ஒருபக்கம் வேலை பார்க்க, இன்னொரு பக்கம் கெட்டிமேளம் கொட்டியது.

தகவல் கேட்டு வேல்விழி ஸ்கூட்டியில் பறந்து வந்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "எல்லாரும் வெளிய வந்துட்டாங்களாம்மா?" என்றாள். செல்வநாயகி அந்தப் பெண்ணின் ரெண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தீயணைப்புக்காரர்கள் போகலாம் என்ற பிறகு ரெண்டு பேரும் உள்ளே போனார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் சமையல்கட்டு கரிக்கட்டை. இந்தப் பக்கம் பந்தி அப்படியே இருந்தது. இலையெல்லாம் பச்சை மாறாமல், பாதி தின்ற பொங்கலோடு. செல்வநாயகி ஒவ்வொரு இலையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

வேல்விழி குனிந்து, அறுந்து கிடந்த வடத்தின் நுனியை எடுத்தாள். உருகின உலோகம் பொட்டுப்போல ஒட்டியிருந்தது. "இது போச்சும்மா. வேற மாட்டணும்" என்றாள்.

"போவட்டும்" என்றாள் செல்வநாயகி. "ஃபியூஸ் போச்சுன்னா புதுசு போட்டுக்கலாம். வூடு இருக்குதில்ல."