மானேஜிங் டைரக்டரின் தலைமையுரை

1

இந்தக் கதை ஒரு தோல்வியில் பிறந்தது. நாகர்கோவிலில் ஒரு கம்பெனித் தலைவர், ஆண்டுக்கூட்டத்தில் பேச உரை எழுதித் தரும்படி கேட்டார். நான் இலக்கியம் படித்தவன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நானும் மறுக்கவில்லை. "பெருமதிப்பிற்குரிய பங்குதாரர்களே" என்று எழுதினேன். பெருமதிப்பு கொஞ்சம் அதிகமாகப் பட்டது. மதிப்பாகக் குறைத்தேன். பிறகு மதிப்பையும் எடுத்தேன். குறைத்து எழுதுவது என் பழக்கம். குறைக்கக் குறைக்க, அந்த ஆண்டு கம்பெனியில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை என்பது தெரிந்துவிட்டது. அதைத் தலைவர் மேடையில் சொல்ல முடியாது.

தாளைத் திருப்பினேன். இந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்யக்கூடிய ஒருவரைப் பின்புறத்தில் உண்டாக்கினேன். ஞானசிங் என்று பெயர் வைத்தேன். உடனே அவருக்கு ஒரு தொல்லையும் கொடுத்தேன். நான் தவித்துக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் நிம்மதியாக எழுதுவது நியாயமாகப் படவில்லை.

2

"குளச்சல் கடல் அன்று காலையில் ஒரு பெரிய—"

வேண்டாம். கடலில் தொடங்கினால் கதை முடியும்வரை அது சத்தம் போடும்.

"உலகச் சந்தையில் ஏற்பட்டுள்ள மந்தநிலை காரணமாக, 1932-ஆம் ஆண்டு—"

இது தலைமையுரையின் தொடக்கம். எனக்கு வரவேண்டிய இடத்தில் வராமல், வேண்டாத இடத்தில் வருகிறது.

"ஞானசிங் நல்லவர்."

இதை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அடித்துவிட்டேன்.

3

குளச்சலில் தென்கரைக் கயிற்றுக் கம்பெனி என்று ஒன்று இருந்தது. (தேட வேண்டாம், நான் வைத்த பெயர்.) அதன் மானேஜிங் டைரக்டர் சேக் மைதீன். ஊரில் முதலாளி என்றால் அவர்தான். அவர் விலை பேசினால் கப்பல்காரனுக்கு வியர்க்கும். ஆனால் நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து அவரையே பார்த்தால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆண்டுக்கூட்டம் வந்தால் காய்ச்சல் வரும். அதற்காக ஞானசிங்கை வைத்திருந்தார்.

ஞானசிங் முன்பு சபையில் உபதேசியாராக இருந்தவர். ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்வார். பிரசங்கம் நீளம் என்று மேலிடத்துக்குப் புகார் போனது. அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்த பெண்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சபை அவரை இறக்கிவிட்டது. கம்பெனி எழுத்தராக எடுத்துக்கொண்டது. (அவர் மனைவி லீலாபாயும் அந்தப் புகாரில் கையெழுத்துப் போட்டாள் என்று ஒரு படியில் எழுதியிருந்தேன். அவமானம் அதிகம் என்று எடுத்துவிட்டேன். எடுத்த பிறகும் அவள் போட்டிருப்பாள் என்றே நினைக்கிறேன்.)

முதலாளிக்கு எழுதும் உரையையும் அவர் பிரசங்கம் எழுதும் முறையில்தான் எழுதினார். முதலில் ஒரு கேள்வி. பிறகு மூன்று தலைப்புகள். ஓரத்தில் குறிப்புகள்: இங்கே நிறுத்து. இங்கே குரலைத் தாழ்த்து. இங்கே கண்ணாடியைக் கழற்று. முதலாளி கண்ணாடி போடுகிறவர் அல்ல. கழற்றுவதற்காகவே ஒன்று வாங்கினார்.

லாபம் வந்த ஆண்டுகளில் இதில் சிரமமில்லை. எப்படிப் பேசினாலும் கை தட்டினார்கள். "பக்கத்துக் கொட்டகையில் நெய்ச்சோறு தயார்" என்று முடித்தால் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அந்த ஆண்டு சீமையில் கயிறு கேட்பாரில்லை. முதலாளி ஞானசிங்கைச் சரக்குக் கிட்டங்கிக்குக் கூப்பிட்டார். தேங்காய்ப்பட்டணத்துக் கயிற்றுக் களத்தை மூடப் போகிறோம் என்றார். கம்பெனி விதிப்படி அதற்குப் பங்குதாரர்கள் கைதூக்கிச் சம்மதிக்க வேண்டும். அப்போது அவர்களில் பாதிப் பேராவது கூட்டத்தில் இருக்க வேண்டும். முதலில் உரை, அது முடிந்ததும் அந்தச் சூட்டிலேயே கைதூக்கல்.

"ஓய் உபதேசியாரே, கேக்கவனுக்குக் கோவமும் வரப்பிடாது, அழுகையும் வரப்பிடாது. கை மட்டும் மேல வரணும். அப்பிடி எழுதும்."

அந்தக் களத்தில் கயிறு திரிக்கும் பெண்களில் லீலாபாயும் ஒருத்தி. முதலாளிக்கு அது தெரியும்.

இந்த இடத்தில் அவரைக் கொடியவர் ஆக்கியிருந்தால் எனக்கு வேலை குறைந்திருக்கும். முயன்றும் பார்த்தேன். மீசை வைத்தேன், சிரிக்க வைத்தேன். ஆனால் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் ஞானசிங்கின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கயிற்று முனையைப் பிடித்துப் பிரித்துக்கொண்டே இருந்தார். மீசையை எடுத்துவிட்டேன்.

4

ஞானசிங்கின் வீடு தேங்காய்ப்பட்டணத்தில். வாரம் முழுக்கக் குளச்சலில் இருந்துவிட்டுச் சனிக்கிழமை வீட்டுக்குப் போவார். அந்தச் சனிக்கிழமை அவர் சொல்வதற்கு முன்பே லீலாபாய்க்குத் தெரிந்திருந்தது. மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

களத்தைப் பூட்டப் போகிறார்களாமே என்றாள். ஆமாம் என்றார். அதற்கு ஒரு கூட்டமாமே என்றாள். அதற்கும் ஆமாம் என்றார்.

"பேச்சு எழுதுயது ஆரு?"

ஞானசிங் செருப்பைச் சுவரோரமாக நேராக வைத்தார். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

லீலாபாய் மீன் தலையைத் தனியாக எடுத்து வைத்தாள். "நல்லா எழுதுங்க. நீட்டி எழுதுங்க. மூணு நாளு நின்னு வாசிக்கட்டும். அதுவரைக்கும் எங்களுக்குச் சோலி உண்டுல்லா" என்றாள்.

அந்தத் தெருவில் பாதி அடுப்பு களத்துக் கூலியில்தான் எரிந்தது. அவர்கள் அடுப்பும் அப்படித்தான். எழுத மாட்டேன் என்றால் ஞானசிங்கின் வேலை போகும், வேறு யாராவது எழுதுவார்கள். எழுதினால் லீலாபாயின் வேலை போகும். எழுதியவர் யார் என்பதும் அவளுக்குத் தெரியும். இதைவிடக் குறைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

5

அவர் மறுக்க வேண்டும் என்று விரும்பினேன்.

"ஞானசிங் பேனாவைக் கீழே வைத்தார். 'இதை எழுத என் மனச்சாட்சி—'"

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. மறுத்த பிறகு அடுத்த மாதம் அவர் என்ன செய்வார் என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. அடுத்தவர் மனச்சாட்சியை வைத்து வீரம் காட்டுவது எனக்குச் சுலபம். பேனா அவர் கையில் இருந்தது. அவர் எழுதினார்.

நன்றாக எழுதினார் என்பதுதான் கஷ்டம். முதல் தலைப்பு: காலத்தின் சோதனை. இரண்டாவது: கம்பெனியின் பொறுமை. மூன்றாவது: நம் கடமை. மூடுதல் என்ற சொல்லே எங்கும் வரவில்லை. "களத்துக்குச் சற்று ஓய்வு அளிப்போம்" என்று எழுதியிருந்தார். படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. நானும் இதையே எழுதியிருப்பேன். இவ்வளவு சுருக்கமாக வந்திருக்காது.*

முடிவு மட்டும் வரவில்லை. நெய்ச்சோற்றை இந்த உரையின் கீழே எழுத அவருக்குக் கை ஓடவில்லை. பிறகு குனிந்து, நிறுத்தாமல் எழுதினார்:

"வருகிற ஆண்டில் நம் வாசல்களில் ஆதாயமும், நம் வீடுகளில் சமாதானமும் பெருகி, நல்மனம் நம் அனைவரோடும் இன்றும் என்றும் தங்கியிருப்பதாக."

ஓரத்தில்: இரு கைகளையும் உயர்த்து.

எழுதும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். தெரியவில்லை.

முதலாளி கிட்டங்கியில் கயிற்றுப் பொதிகளுக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். பொதிகள் அவரைத் திரும்பிப் பார்க்காததால் நாக்கு நன்றாக ஓடியது. கடைசியில் ஒரு இடம் வாய்க்குச் சுகமாக வருகிறது, அது என்ன என்று கேட்டார். முடிவுரை என்றார் ஞானசிங்.

* இந்த அடிக்குறிப்பில் என் கம்பெனித் தலைவருக்கு ஒரு யோசனை எழுதியிருந்தேன். அவர் இதைப் படிக்கக்கூடும் என்பதால் எடுத்துவிட்டேன்.

6

கூட்டம் கிட்டங்கியிலேயே நடந்தது. பொதிகளை ஒதுக்கி, பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த பெஞ்சுகளைப் போட்டிருந்தார்கள். பங்குதாரர்களில் பெரும்பாலோர் இரணியல் பக்கத்துச் சபைக்காரர்கள். ஓய்வுபெற்ற வாத்தியார்கள், ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர்கள், இரண்டு மூன்று உபதேசியார்கள். மற்றவர்கள் கோட்டாறு, குளச்சல் முஸ்லிம் வியாபாரிகள்.

முதலாளி வாசித்தார். நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றியபோது முன்வரிசையில் ஒரு கம்பவுண்டர் மூக்கைத் துடைத்தார். களத்துக்கு ஓய்வு என்றதும் தலைகள் அசைந்தன. மேசையருகே காரியதரிசி கிருஷ்ணமணி, கைகளை எண்ணுவதற்குத் தயாராக நின்றார். கடைசி பெஞ்சில் ஞானசிங் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். உரை வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. எழுதுகிறவனுக்கு அந்த நேரத்தில் வரும் சந்தோஷம் அவருக்கும் வந்தது. அதற்காக வெட்கப்பட்டார். (முதலில் வந்தது வெட்கம் என்று எழுதியிருந்தேன். பொய்.)

முதலாளி கடைசி வாக்கியத்துக்கு வந்தார். ஓரக்குறிப்பின்படி இரு கைகளையும் உயர்த்தினார். குரல் தானாகவே தாழ்ந்தது. ஆதாயமும் சமாதானமும் பெருகி, நல்மனம் நம் அனைவரோடும் இன்றும் என்றும்—

சபைக்காரர்கள் அந்தத் தாளத்தைத் தாய்மடியிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். ஆராதனை முடியும் தாளம் அது. வார்த்தைகளை அவர்கள் கவனிக்கவில்லை. கண்களை மூடினார்கள், பெஞ்சுகள் கிறீச்சிட எழுந்து நின்றார்கள், தலை குனிந்தார்கள். "தங்கியிருப்பதாக" என்றதும் எல்லாரும் ஒரே குரலில் ஆமென் என்றார்கள். உயர்ந்த கைகளைப் பார்த்த வியாபாரிகளும் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

ஆராதனையில் ஆசீர்வாதம் முடிந்ததும் செய்வதையே இங்கேயும் செய்தார்கள். ஒருவருக்கொருவர் கைகொடுத்தார்கள், சுகம் விசாரித்தார்கள், குடையைத் தேடி எடுத்தார்கள், வெளியே நடந்தார்கள்.

கிருஷ்ணமணி வாசலுக்கு ஓடினார். இன்னும் கை தூக்கவில்லை, உட்காருங்கள் என்று கெஞ்சினார். ஒரு வயதான வாத்தியார் அவர் தோளைத் தட்டினார்.

"ஆசீர்வாதம் ஆச்சே மக்கா. இனி என்ன?"

ஆசீர்வாதம் சொல்லி முடித்த கூட்டத்தைத் திரும்பத் திறக்க எந்த விதியும் இடம் தராது என்று அந்த வாத்தியார் மற்றவர்களுக்கும் விளக்கினார். அவர் எந்த விதியையும் படித்தவரல்ல. ஆனாலும் அவர் சொன்னது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. பாதிப் பேர் வண்டி பிடிக்கப் போய்விட்டார்கள். மீதிப் பேர் நெய்ச்சோற்றில் கை வைத்துவிட்டார்கள். அந்தக் கையைத் தூக்க மாட்டோம் என்றார்கள்.

களம் மூடப்படவில்லை. மறுபடி அறிவிப்பு அனுப்பி, அடுத்த மாதம் மறுபடி கூட்டம் போட வேண்டும்.

7

சனிக்கிழமை ஞானசிங் வீட்டுக்குப் போனபோது, வழியில் களத்துப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நின்று, கண்ணை மூடி, கையை உயர்த்திக் காட்டினார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் கீழே உட்கார்ந்துவிட்டாள். லீலாபாய் கேட்காமலே மீன் தலையை அவர் தட்டில் போட்டாள்.

"பிரசங்கத்தில ஒண்ணாவது நேரத்துக்கு முடிச்சியளே" என்றாள்.

தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். வேண்டுமென்றே செய்திருக்கிறார், ஒருத்தருக்கும் தெரியாமல் செய்திருக்கிறார் என்று. ஞானசிங் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முள்ளைக் கவனமாக எடுத்துச் சாப்பிட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவரை இப்படிப் பார்த்ததில்லை.

இங்கே முடிக்கலாம் என்று பார்த்தேன். சீமையில் விலை ஏறுகிறது, களம் மூடப்படவே இல்லை என்று ஒரு முடிவு எழுதினேன். எழுதும்போது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. சபை அவரைத் திரும்பக் கூப்பிடுகிறது, இனிச் சுருக்கமாகப் பிரசங்கம் செய்கிறார் என்று இன்னொன்று எழுதினேன். இதை எழுதியதற்கு மன்னிக்கவும்.

8

திங்கட்கிழமை முதலாளி கிட்டங்கியில் தனியாக இருந்தார். ஞானசிங்கை எதிரே உட்காரச் சொன்னார். முன்பு அப்படிச் சொன்னதில்லை. இந்தத் தடவை அவர் கையில் கயிறு இல்லை. முகத்தைப் பார்த்துப் பேசினார்.

தானே வேண்டுமென்று கூட்டத்தைக் கலைத்ததாகக் கோட்டாற்று டைரக்டர்கள் சந்தேகப்படுகிறார்கள் என்றார். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஞானசிங் அறியாமல் செய்திருந்தால், பழக்கதோஷம் என்று சொல்லிவிடலாம். அடுத்த கூட்டத்துக்கும் அவரே எழுதலாம், கடைசியில் ஆசீர்வாதம் மட்டும் இல்லாமல். அறிந்து செய்திருந்தால் இன்றோடு கணக்கை முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கோபமாகச் சொல்லவில்லை.

"அறிஞ்சிட்டா செய்தீரு ஓய், அறியாமலா? எதச் சொன்னாலும் நான் நம்புவேன். இன்னொரு மட்டம் கேக்க மாட்டேன்."

அறியாமல் என்றால் வேலை இருக்கும். களத்தை மூடும் உரையை இன்னொரு முறை, இந்தத் தடவை பிழையில்லாமல் எழுத வேண்டும். லீலாபாய் தெருவில் சொல்லி வைத்ததும் பொய்யாகும். அறிந்து என்றால் அவள் சொன்னது நிற்கும். வேலை போகும். அடுத்த மாதம் வேறொருவர் எழுதுவார், களம் ஒருவேளை அப்போதும் மூடப்படும், வீட்டில் இரண்டு பேருக்கும் கூலி இருக்காது.

உண்மையைச் சொல்லிவிடலாமே என்பீர்கள். அதற்கு முதலில் உண்மை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வாக்கியம் கையில் வந்த நேரத்தை அவர் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருகிறது. எனக்கும் அப்படித்தான்.

பிறருக்கு வாக்கியம் எழுதித் தருவது எங்கள் இருவரின் தொழில். இந்த ஒன்றை நான் அவருக்கு எழுதித் தரவில்லை. அவர் வாயைத் திறந்துவிட்டார், முதலாளி காத்திருக்கிறார். மீதியை நீங்கள் எழுதுங்கள். எதை எழுதினாலும் அவர் சனிக்கிழமை அதோடுதான் வீட்டுக்குப் போவார்.

"முதலாளி, அத நான்