வெயிலுக்கு ஒரு கழித்தல் குறி

அலுவலகத்தில் அவளுக்குக் கணக்குப்புலி என்று பெயர். பாதிப் பேர் மெச்சி வைத்தது, மீதிப் பேர் வயிற்றெரிச்சலில். எந்தக் காய்ச்சல் எந்த வாரம் எவ்வளவு பரவும் என்று சுகாதாரத் துறைக்குக் கணினியில் கணித்துச் சொல்வது அவள் வேலை. கடும் வெயில் வருகிறது, தையல் ஆலைகள் பக்கம் நடக்கும் காய்ச்சல் முகாமைத் தொடரலாமா என்று போன வாரம் இயக்குநர் கேட்டார். வேண்டாம், தொற்று தானாகக் குறையும் என்று அறிக்கை கொடுத்தாள். இன்று மாலை ஐந்து மணிக்கு முகாமுக்குப் பூட்டு.

மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனாள். அந்த ஆலைகளில் ஒன்றில் சட்டைக் காலர் தைக்கும் அக்கா, உடம்பு அனலாய்க் கொதிக்கச் சுருண்டு கிடந்தாள்.

"ஊரே உள்ள அடங்கிக் கிடக்கு. உனக்கு யார்கிட்டருந்துக்கா ஒட்டுச்சு?"

"நல்லா கேட்டே போ! ஆலையில ஏசி இருக்கறது துணி வைக்கிற ரூம்ல மட்டும்தான். வெயில் ஏறினா அம்பது பேரும் அங்கதான் மிஷினை இழுத்துப் போட்டுக்கிட்டுத் தைக்கிறோம். ஒருத்தி தும்மினா எல்லாருக்கும் பங்கு."

கணக்குப்புலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சூடு ஏற ஏற மனிதர்கள் நெருங்குவது குறையும் என்று தன் கணிப்புச் சூத்திரத்தில் வெயிலுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டிருந்தாள். அலுவலகத்தின் நான்காவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் வெயில் நாளில் தெரு வெறிச்சோடிக் கிடக்கும். தெருவில் இல்லாதவர்கள் எங்கே போனார்கள் என்று அந்த மேதைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அங்கேயே மடிக்கணினியைத் திறந்து குறியை மாற்றினாள். திரையில் இறங்கிக்கொண்டிருந்த தொற்றுக் கோடு கிடுகிடுவென்று ஏறியது. வெட்கமும் பயமும் சேர்ந்தே வந்தன. மணி மூன்றரை. இயக்குநருக்குப் போன் போட்டாள்.

"சார், என் அறிக்கை தப்பு. முகாமை மூடாதீங்க."

"போன வாரம்தானேம்மா கையெழுத்துப் போட்டே? இப்ப என்ன புது ஆதாரம்?"

"ஒரு ஆலை, சார். எங்க அக்கா வேலை பாக்கறது. வெயில் ஏறினா அம்பது பேரும் ஒரே ஏசி ரூம்ல அடையறாங்க."

"ஒரே ஒரு ஆலையை வச்சா மாத்தச் சொல்றே?"

"கழித்தல் குறி போட்டப்ப அந்த ஒண்ணுகூட என்கிட்ட இல்ல, சார்."

இயக்குநர் பழைய அறிக்கையைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, முகாம் நடக்கட்டும். திருத்தி எழுதிக் கொண்டு வா. தப்பு எங்கேன்னு முதல் பக்கத்துலயே எழுது" என்றார்.

அக்காவைக் கைத்தாங்கலாக முகாமுக்கு அழைத்துப் போனாள். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. எண்ணிப் பார்த்தாள். அக்காவுக்கு முன்னால் நாற்பத்தொரு பேர். அவள் அறிக்கைப்படி இன்று முழுதும் ஆறு பேர்தான் வந்திருக்க வேண்டும்.