ஊற்றடியில் கைதட்டல்

இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. சோல்ரூன் எண்ணிக்கொண்டே அப்பாவின் மார்பை அழுத்தினாள். சுற்றுலா பஸ்ஸின் கதவைத் திறந்துவிட்டு இறங்கியவர் அப்படியே சரிந்து, முன்சக்கரத்தின் அருகே மல்லாந்து கிடந்தார். வாயோரத்தில் வாந்தி. காற்று திரும்பும்போதெல்லாம் வெந்நீர் ஊற்றுகளின் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அறைந்தது.

இருபத்திரண்டு வருடமாக அப்பா பிராகி ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யாவிக்கில் காலையில் பயணிகளை ஏற்றிக்கொண்டு வந்து, எல்லாம் காட்டி, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுகிறவர். மூக்கைப் பொத்துகிறவர்களிடம், "இந்த நாத்தத்துலதாங்க எங்க வீட்டு அடுப்பு எரியுது" என்பார். நான்கு கோடையாக அதே பஸ்ஸில் மகள்தான் வழிகாட்டி.

சற்றுத் தள்ளி ஊற்று பீறிட்டது. கூட்டம் ஓவென்று கத்தியது. பிறகு கைதட்டல். தண்ணீருக்குத்தான் தட்டுகிறார்கள் என்று தெரிந்தும் சோல்ரூனுக்கு எண்ணிக்கை தப்பியது. நிமிர்ந்தாள். மஞ்சள் மழைக்கோட்டுக்காரன் ஒருவன், அவளுடைய பயணிதான், கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எடுக்காதீங்க!"

"இல்லல்ல, ஊத்துத் தண்ணியைத்தான் எடுத்தேன்."

கைப்பேசி இன்னும் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் வர அரை மணி நேரம் ஆனது. அதில் வந்த பெண் பிராகியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், கருவியை வைத்துப் பார்த்தாள். பிறகு சோல்ரூனின் கையைப் பிடித்தாள். "போதும்மா. விட்டுடு."

அவரை உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தபோது பஸ் கம்பெனி மேலாளர் கோல்பெய்ன் அழைத்தான்.

"கேள்விப்பட்டேன் சோல்ரூன். என்ன சொல்றதுன்னே தெரியல. பிராகி நமக்கெல்லாம் குடும்பத்துல ஒருத்தர்." எதையோ மென்று விழுங்கும் சத்தம் கேட்டது. "வேற டிரைவர் கிளம்பிட்டான். அவனுக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது. அதான்... அருவியை மட்டும் காட்டிட்டு வந்துடறியா?"

"எங்கப்பா செத்துட்டாரு, கோல்பெய்ன்."

"தெரியும். ஆனா முப்பத்தாறு பேரை நடுவழியில விட முடியுமா, சொல்லு?"

அவள் அழைப்பைத் துண்டித்தாள். பின்னால் பயணிகளில் ஒரு பெண், ஆட்டிறைச்சி சூப் கோப்பையோடு, நின்றுகொண்டிருந்தாள். உதட்டில் கொழுப்பு மினுங்கியது.

"ரொம்ப கஷ்டமா இருக்குங்க. ஒண்ணே ஒண்ணு கேட்கணும். நாலு மணிக்கு வெந்நீர்க் குளத்துக்குப் பதிவு பண்ணியிருக்கோம். நேரத்துக்குப் போயிடலாமா?"

காலையில் முதல் நிறுத்தத்தில் அப்பா இடது தோளைத் தேய்த்துக்கொண்டே, "கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாமாம்மா?" என்று கேட்டிருந்தார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஏற்கெனவே பத்து நிமிஷம் லேட்டுப்பா. அங்க போயி உக்காருங்க."

சோல்ரூன் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். புளித்த காப்பியும் பித்தமும் மூக்கு வழியாகவும் வந்தன. அந்தப் பெண்ணின் மினுங்கும் உதடு கண்ணை விட்டுப் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அது தன்னுடைய உதடுபோல இருந்தது. புறங்கையால் அழுந்தத் துடைத்தாள்.

திரும்பி வந்து, கழுத்தில் தொங்கிய வழிகாட்டி அட்டையைக் கழற்றி ஓட்டுநர் இருக்கையில் போட்டாள்.

"ஒரு மணி நேரத்துல டிரைவர் வருவார்," என்றாள் சூப் கோப்பைப் பெண்ணிடம். "அதுவரைக்கும் ஊத்துத் தண்ணியைப் பாருங்க. ஏழெட்டு நிமிஷத்துக்கு ஒருதடவை வரும்."

ஆம்புலன்ஸில் ஏறி, அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். வண்டி ஆஸ்பத்திரி இருக்கும் செல்ஃபோஸ் பக்கம் திரும்பியது. அவசரமில்லாத ஓட்டம், சைரன் ஒலி இல்லை. மஞ்சள் கோட்டுக்காரன் எடுத்த படம் அம்மாவுக்கு முதலில் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது. கைப்பேசியில் அம்மாவை அழைத்தாள்.

"என்னடி, இந்நேரத்துக்கு? அப்பா மாத்திரை போட்டாரா?"

"அம்மா, கூட யாராச்சும் இருக்காங்களா?"

"யாரு இருப்பா? உருளைக்கிழங்கு கழுவிட்டிருக்கேன். ஏன்?"

"நான் ஆம்புலன்ஸ்ல இருக்கேம்மா. அப்பா..."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் ஆகியும் அம்மா அதை மூடவில்லை.